திட்டையும் சேர்த்துப் படித்த சனிக்கிழமைகள்

ஒரு கம்பெனி எந்தத் தேதியில் செத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் இருக்கிறது. மூடிய தேதி எனக்குத் தெரியும். மூடுவதற்கான படிவங்களை வரிசை தவறாமல் நிரப்பிக் கொடுத்தவனே நான்தான். ஆனால் மூடிய தேதியும் செத்த தேதியும் ஒன்றல்ல. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவனுக்கு இது தெரியும். கோப்பு முடிக்கப்படும் நாளுக்கு வெகு முன்பே அதிலிருந்த விஷயம் முடிந்துபோயிருக்கும்.

ஓய்வு பெற்று உத்திரமேரூரில் இருக்கும் சொந்த வீட்டுக்கு வந்த முதல் ஆறு மாதம் எனக்கு வேலை இல்லை. தெருவில் உள்ளவர்களின் பட்டா மாறுதல் மனுக்களைத் திருத்திக் கொடுத்தேன். வங்கியில் தவறான படிவத்தை நீட்டியவர்களுக்குச் சரியான படிவத்தின் எண்ணைச் சொன்னேன். அவர்களில் சிலர் வங்கி ஊழியர்கள். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றும் தேதிக்கு ஒரு பதிவேடு திறந்த அன்று, எங்கேயாவது வேலைக்குப் போய்த் தொலையுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்த மாதமே வேலை வாசலுக்கு வந்தது.

செங்கல்பட்டு சாலையில் மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையை வாடகைக்கு எடுத்து ஒருவர் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, அலுத்துப்போய்த் திரும்பியவர். உரிமங்கள், டெண்டர்கள், தொழிலாளர் பதிவேடுகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். எனக்கு நிர்வாக அலுவலர் என்று பெயர் வைத்து, கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி ஒரு மேசை கொடுத்தார்.

அவர்கள் செய்த பொருள் ஒரு பெட்டி. விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்பது மின்சாரத்துக்கே தெரியாது. வந்த நேரத்தில் கழனிக்கு ஓட வேண்டும். இந்தப் பெட்டியை மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டால் ஓட வேண்டாம். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தபடி அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், பெட்டி ஒரு மணி அடிக்கவிட்டு, அழைப்பைத் துண்டித்து, மோட்டாரைப் போடும். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிறுத்தும். யார் கூப்பிட்டாலும் கீழ்ப்படியாது. பதிவு செய்த எண்களுக்கு மட்டும்தான். விவசாயியின் எண், வீட்டில் இன்னொருவர் எண், அப்புறம் கம்பெனியின் புகார் எண். பழுது என்று யாராவது சொன்னால் அலுவலகத்திலிருந்தே சோதித்துப் பார்க்க வசதியாக, கம்பெனி எண் எல்லாப் பெட்டிகளிலும் பதிவாகியிருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

புகார் எண் ஒரு பழைய பட்டன் போனில் இருந்தது. அந்தப் போன் ஒரு பெண்ணிடம் இருந்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். என் மகள் வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிட தூரத்தில் அவள் கிராமம். அந்த வழியிலுள்ள ஊர்களில் மாட்டிய பெட்டிகளில் பெரும்பாலானவை விளம்பரத்தால் விற்றவை அல்ல. அவள் சொன்னதால் மாட்டியவை. பெரியப்பா முறை, மாமா முறை, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளின் மாமனார். பெட்டி மக்கர் செய்தால் அவர்கள் கம்பெனியைக் குறை சொல்வதில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவளைத்தான் கேட்பார்கள். எங்களுக்கெல்லாம் கம்பெனி என்பது சம்பளம். அவளுக்கு அது ஊருக்குள் தலைநிமிர்ந்து நடப்பது.

முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எல்லா வேலையும் நிற்கும். பெட்டிகளைக் கோக்கும் பெண்கள், இன்ஜினியர்கள், காவலாளி, நான், எல்லோரும் பழைய நெல் களத்தில் நாற்காலி போட்டு உட்காருவோம். அவள் அந்த வாரப் புகார் நோட்டைத் திறந்து படிப்பாள். விவசாயி சொன்னதைச் சொன்னபடியே படிக்க வேண்டும். திட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது விதி. திட்டை விட்டுவிட்டால் கோளாறின் அளவு தெரியாது என்பார் முதலாளி. முதல் சனிக்கிழமை எனக்கு இது முறையாகவே படவில்லை. என் அலுவலகத்தில் மனுதாரரின் கோபத்தை "மனுதாரர் வேண்டியுள்ளார்" என்று மாற்றி எழுதித்தான் மேலே அனுப்புவோம். இங்கே ஒரு பெண் எழுந்து நின்று, நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு படித்தாள்: "உங்க பொட்டிக்கு எங்க வூட்டு மாப்ளைய விட ரோசம் ஜாஸ்தியா கீது. மூணு வாட்டி கூப்ட்டாத்தான் எய்ந்துக்குது."

களம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது ஏன் என்று இன்ஜினியர்களைக் கேட்டார். திங்கட்கிழமை அதற்கு விடை இருந்தது: தகரக் கொட்டகைக்குள் சிக்னல் போதவில்லை, ஆண்டெனாவை வெளியே எடுத்தார்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆனதும், எலி ஒயரைக் கடித்ததும், ஒரு அண்ணன் தம்பி சண்டையில் ஒருவர் போட்ட மோட்டாரை இன்னொருவர் நிறுத்திக்கொண்டே இருந்ததும் எல்லாம் அந்தக் களத்தில்தான் தெரியவந்தன. அண்ணன் தம்பி விஷயத்துக்கு மட்டும் இன்ஜினியர்களால் தீர்வு காண முடியவில்லை.

பெட்டி நன்றாக விற்றது. சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தார்கள். அவர்கள் வந்த பிறகு முதலாளி சேர்மன் ஆனார். சேர்மன் என்றால் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுபவர் என்று விரைவில் தெரிந்துகொண்டோம். கம்பெனியை நடத்த ஒரு சி.இ.ஓ. வந்தார். அவரை வில்லனாக எழுதினால் எனக்கு வசதி. ஆனால் அவர் அப்படியல்ல. மரியாதையானவர், காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார், எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். நான் எழுதும் குறிப்புகளை முழுதாகப் படித்த ஒரே மேலதிகாரி என் வாழ்க்கையில் அவர்தான். அவர் எங்கே தவறினார் என்பது அதனாலேயே எனக்குப் புதிராக இருந்தது. முட்டாள் ஒருவர் தலைமைக்கு வந்து ஒரு இடம் கெட்டுப்போவதில் வியக்க ஒன்றுமில்லை. அதை நான் மாவட்டத்துக்கு மாவட்டம் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை சி.இ.ஓ. முதலீட்டாளர்களை ஊரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போனார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே ஓலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் அழகாக விளக்கினார். யார் யாரைப் பொறுப்பில் வைக்கக் கூடாது என்றும் அதில் நிறைய எழுதியிருக்கிறது என்று நான் மெதுவாகச் சேர்த்தேன். சிரித்துவிட்டு, என்னையும் போட்டோவில் நிற்கச் சொன்னார்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு முறை வந்தார். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஊழியர்கள் வாரக் கடைசியில் இவ்வளவு திட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது நல்லதல்ல என்று அவருக்குத் தோன்றியது. அது உண்மையான அக்கறைதான். அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரம் வெற்றிக் கதை நேரம் ஆனது. மகிழ்ச்சியான ஒரு விவசாயியின் வீடியோவை மேல்தளத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள், சமோசா கொடுத்தார்கள். பெட்டி கோக்கும் பெண்கள் சமோசாவை வரவேற்றார்கள். புகார் நோட்டு என் மேசைக்குப் பின்னால் இருந்த பீரோவுக்குள் போனது. முதலாளிக்கு இதைத் தெரிவித்தேன். நல்ல மாற்றம்தானே சார் என்றார். அவர் குரலில் இருந்தது சம்மதமா களைப்பா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பிறகு புகார்களுக்கு ஒரு மென்பொருள் வந்தது. பட்டன் போனிலிருந்த சிம் கார்டைக் கழற்றி, மேல்தளத்தில் ஒரு கருவிக்குள் போட்டார்கள். அதே எண்ணையே வைத்துக்கொண்டார்கள். விவசாயிகளுக்குப் பழகிய எண் என்றார் சி.இ.ஓ. அதிலும் தவறு சொல்ல முடியாது. இனி அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஒரு குரல், தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று தொடங்கி, ஐந்தாவது படியில் காத்திருக்கச் சொல்லும்.

மென்பொருளில் வாடிக்கையாளரின் கைபேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து, புகார் நோட்டின் பின்பக்கங்களில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்து இரண்டே நாளில் பதிவேற்றிவிட்டுப் போனார்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள் இருக்கும். முதலில் பெட்டிக்குள் இருக்கும் சிம்மின் எண், பிறகு விவசாயியின் எண். சோதனைக்கு முதலில் பெட்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்பதால் அவள் அப்படி எழுதி வைத்திருந்தாள். வந்தவர்கள் முதல் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கட்டம்தானே இருக்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை. அவள் அன்று என் மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மாசி மாதத்தில் திருப்திக் கணிப்பு தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து மணிக்கு அந்தக் கருவி எல்லா வாடிக்கையாளர்களையும் தானே கூப்பிடும். குறை இருந்தால் ஒன்றை அழுத்தலாம், இல்லையென்றால் போனை வைத்துவிடலாம். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடும். துண்டித்தால், குறை இல்லை என்று எழுதிக்கொள்ளும். மேல்தளத் திரையில் திருப்தி அளவு பச்சை நிறத்தில் ஏறியது. நூற்றுக்கு நூறை நெருங்கியது. சி.இ.ஓ. எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார்கள் தானாக ஓட ஆரம்பித்தன.

அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது, பஸ்ஸில். புகார் எண்ணில் ஆள் பேசாததால் எல்லோரும் அவளிடமே வந்து சொன்னார்கள். ஒரு ஊரில் ஓடியது, பக்கத்து ஊரில் ஓடவில்லை. அடுத்த வாரம் அது மாறியது. ஒருவர் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை ஸ்டார்ட்டரில் கட்டினார். இன்னொருவருக்குத் தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடி அதன் காயில் சுருள் எரிந்தது. நவரைப் பட்டத்து நெல் முற்றிக்கொண்டிருந்தது. அறுப்புக்கு முன் கழனியை வடித்துக் காயவிடும் பருவம்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு பெரியவர் நேரே அலுவலகத்துக்கு வந்தார். அவள் ஊர்க்காரர், அவளுக்குப் பெரியப்பா முறை. வரவேற்பில் இருந்த பெண், புகார் பதிவான எண் என்ன என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் உட்காரச் சொன்னேன்.

"பட்டப்பகல்ல ஓடுது சார். நான் டீக்கடையில குந்திக்கினு கீறேன், மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது. அறுப்புக்கு நிக்கிற கயனி. அறுப்பு மிஷின்காரன் வந்து பார்த்துட்டு, டயரு சேத்துல எறங்கிடும்னு திரும்பிப் போய்ட்டான்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "தோ இந்தப் பொண்ணு சொல்லுச்சுன்னுதான் பொட்டிய மாட்னேன். நம்ம வூட்டுப் பொண்ணு பொய் சொல்லாதுன்னு."

அவள் உள்ளே போனாள். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்காமல் எழுந்து போனார். அந்தத் தம்ளர் மத்தியானம் வரை என் மேசையில் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆள் இல்லாத வரவேற்பறைக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். அங்கே காட்சிக்கு ஒரு பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். மோட்டாருக்குப் பதிலாக ஒரு பல்பு. அதன் முன் நிற்கச் சொன்னாள். நின்றேன். பத்து மணி தாண்டி ஏழெட்டு நிமிடம் ஆனது. எதற்கு நிற்கிறோம் என்று கேட்கப் போனேன். பெட்டிக்குள் ஒரு மணி அடித்தது. பல்பு எரிந்தது. அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"கூப்ட்டது நம்ம கம்பெனி சார்," என்றாள். "இந்தப் பொட்டியும் திருப்தியா கீதுன்னு மேல எய்திக்கினு இருப்பாங்க, போய்ப் பாருங்க."

மாடிப்படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேல்தளத் திரையில் பச்சை எண் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வாரமும் எங்களுடைய வாடிக்கையாளர்கள் யாரும் எங்களிடம் பேசவே இல்லை. பெட்டிகள்தான் பேசிக்கொண்டிருந்தன. கம்பெனி எண்ணைக் கண்டதும் கீழ்ப்படிந்து, அழைப்பைத் துண்டித்து, மோட்டாரைப் போட்டன. துண்டித்ததைத் திருப்தி என்று கருவி எழுதிக்கொண்டது. எந்த ஊரில் அந்த நேரம் மும்முனை மின்சாரம் இருந்ததோ அங்கே மட்டும் மோட்டார் ஓடியது. அதனால்தான் ஊர் மாறி ஊர் பேய் நடமாடியது.

இங்கே நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். மாடிப்படி இருபத்திரண்டு. ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் மேசைக்கு வந்து உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். பொருள், பார்வை, நிகழ்வு, பரிந்துரை, இணைப்பு இரண்டு. முறையாக மென்பொருளின் ஒப்புதல் வரிசையில் சேர்த்தேன். சி.இ.ஓ. அன்று மாலையே முதலீட்டாளர் கூட்டத்துக்கான தயாரிப்புக்காக வெளியூர் போய்விட்டார். குறிப்பு ஒன்பது நாள் வரிசையில் நின்றது. தினமும் அதன் நிலையைப் பார்த்தேன். நிலுவை என்று இருந்தது. ஒன்பது நாளில் இரண்டு செவ்வாய், ஒரு வெள்ளி.

பத்தாம் நாள் எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, படித்ததுமே புரிந்துகொண்டிருந்தார். நல்ல கண்டுபிடிப்பு என்று அவளைப் பாராட்டினார். எண்களைத் திருத்திவிடலாம் என்றார். ஆனால் இரண்டு வாரத்தில் முதலீட்டாளர் கூட்டம் இருக்கிறது. இப்போது திருத்தினால் திருப்தி அளவு ஒரே நாளில் தரைக்கு வந்துவிடும், அடுத்த கட்ட முதலீடு நின்றுவிடும், எல்லோருடைய வேலைக்கும் ஆபத்து.

"ரெண்டு வாரம்தான்மா. அப்புறம் முதல் வேலையா இதைச் சரிபண்றோம்," என்றார்.

"ரெண்டு வாரத்துல அறுப்பு சார்."

"எத்தனை பேருக்குப் பாதிப்பு? டேட்டா இருக்கா?"

"பேரு சொல்லட்டா சார்?"

உண்மையிலேயே அவருக்கு அது எந்தக் கட்டத்தில் நிரப்ப வேண்டிய விஷயம் என்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்து, மூடி, திரும்ப வைத்தார். நாங்கள் கீழே வந்தோம்.

முதலாளிக்குப் போன் செய்தேன். முறைப்படி அது தவறு, இருந்தாலும் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெரியவர் யார் என்று விசாரித்தார், அவரைத் தனக்குத் தெரியும் என்றார். பிறகு, "நான் இதுல தலையிடக் கூடாது சார். அதுக்குத்தானே அவரை வெச்சிருக்கோம்," என்றார். பின்னால் கைதட்டல் கேட்டது. ஏதோ கல்லூரியில் இருந்தார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவள் மாடிக்குப் போனாள். இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தாள். பீரோவைத் திறந்து, பழைய பட்டன் போனையும் நோட்டையும் எடுத்தாள். சாவி என்னிடம்தான் இருக்கும், கேட்டாள், கொடுத்தேன். கருவியிலிருந்து கழற்றி வந்த சிம் கார்டைப் போனில் போட்டாள்.

போன் உடனே அடித்தது. இவ்வளவு நாளும் ஐந்தாவது படியில் காத்திருந்தவர்களில் ஒருவர், அவளுக்கு இன்னொரு பெரியப்பா முறை. ஸ்பீக்கரில் கேட்டது.

"பேசறது ஆளா, மிஷினா?"

"ஆளுதான் பெரிப்பா."

"அப்ப மொதல்ல திட்டிக்கிறேன். அப்பால விசயத்தைச் சொல்றேன்."

"திட்டுங்க," என்று நோட்டைத் திறந்தாள்.

அவர் திட்டினார். அவள் எழுதிக்கொண்டாள். பெட்டி கோக்கும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டு வந்து நின்றார்கள். அது சனிக்கிழமை அல்ல. ஆனால் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

வந்த அழைப்புகளுக்கு இடையில் அவள் இன்னொன்றும் செய்தாள். அந்த எண்ணிலிருந்து ஒரு குறிப்பிட்ட எஸ்.எம்.எஸ். போனால், பெட்டி தன் நினைவிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடும். அதற்குப் பிறகு கம்பெனி எத்தனை முறை கூப்பிட்டாலும் அது அசையாது. பெண்கள் நோட்டிலிருந்து பெட்டி எண்களைப் படித்தார்கள், அவள் அனுப்பினாள். ஒரு நாளைக்கு நூறு எஸ்.எம்.எஸ்.களுக்கு மேல் போகாது. நூறையும் அறுப்புக்கு நிற்கும் கழனிகளுக்கே ஒதுக்கினாள். அலுவலகத்துக்கு வந்த பெரியவரின் பெட்டி முதல் எண். மாலை ஐந்தரைக்கு எனக்கு ஒரு மருத்துவ விடுப்பு மனுவைக் கொடுத்துவிட்டு, போனையும் நோட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மனுவில் தேதி போட மறந்திருந்தாள். நான் போட்டேன்.

மறுநாள் சி.இ.ஓ. சிம்மை உடனே திரும்ப வாங்கச் சொன்னார். விடுப்பில் இருக்கும் ஊழியரிடமிருந்து உடைமையை மீட்க, முதலில் விளக்கம் கோரி குறிப்பாணை அனுப்ப வேண்டும். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் போக வேண்டும். பதிலுக்கு ஏழு நாள் அவகாசம் தர வேண்டும் என்று தெரிவித்தேன். அப்படியானால் மாற்று சிம் வாங்குங்கள் என்றார். அதற்கு அதிகாரம் பெற்ற கையொப்பதாரரின் கடிதம் வேண்டும், இயக்குநர் குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல் வேண்டும், முத்திரை வேண்டும். எல்லாம் உண்மை. கொஞ்சம் சிரித்துப் பேசினால் இவற்றில் பாதி இல்லாமலேயே கடையில் சிம் கொடுத்துவிடுவார்கள் என்பதும் உண்மை. அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. ஒரு படியைக்கூடத் தாண்டாமல் செய்தேன். எட்டு வேலை நாள் ஆனது.

குறிப்பாணையை நான்தான் எழுதினேன். அனுமதியின்றி உடைமையை அகற்றியது, கம்பெனிக்கும் அதன் கருவிகளுக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தது என இரண்டு குற்றச்சாட்டுகள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கிடைத்த அன்று அந்தப் பட்டன் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"மெமோ வந்துச்சு சார். தமிழ் நல்லா கீது," என்றாள்.

அத்தோடு போனை வைத்துவிட்டாள். என் எழுத்தைப் பற்றி இதுவரை யாரும் சொன்னவற்றில் இதுதான் நெடுநாள் தங்கியிருக்கிறது.

மாற்று சிம் வந்து கருவியில் போட்ட அன்று, அது வழக்கம்போல எல்லோரையும் கூப்பிட்டது. பெட்டிகள் மணி அடித்துக்கொண்டே இருந்தன. ஒன்றும் துண்டிக்கவில்லை. இதற்குள் அவள் மிச்சத்தையும் நூறு நூறாக அனுப்பி முடித்திருந்தாள், எல்லாப் பெட்டிகளும் கம்பெனியை மறந்துவிட்டிருந்தன. திரையில் பச்சை போய் வெறும் சாம்பல் நிறம் வந்தது. முதலீட்டாளர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைச் சி.இ.ஓ. வேகமாகத் தள்ளினார் என்று கேள்விப்பட்டேன். யாரோ ஒருவர் தள்ளியதைத் திரும்பக் காட்டச் சொன்னாராம்.

அதன் பிறகு கம்பெனி ஒன்றரை வருடம் நடந்தது. மெமோவுக்கு அவள் பதில் எழுதவில்லை, ராஜினாமாக் கடிதம் அனுப்பினாள். பெட்டிக்குப் பதிலாக ஒரு செயலி வந்தது. மிஸ்டு கால் கிடையாது, கடவுச்சொல் உண்டு. ஏரிக்கரையில் சிக்னல் தேடிக் கையை உயர்த்தி நின்ற ஒரு விவசாயியை நானே பார்த்தேன். வாங்கியவர்களைவிடத் திருப்பிக் கொடுத்தவர்கள் அதிகம். சி.இ.ஓ. இன்னும் பெரிய கம்பெனிக்குப் போனார். போகும்போது எனக்கு ஒரு பேனா பரிசளித்தார். முதலாளி ஒரு நாள் வந்து வெறும் களத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நாற்காலிகள் எங்கே சார் என்று கேட்டார். விற்றதற்கான ரசீதைக் காட்டினேன். ஆலை இப்போது கல்யாண மண்டபம்.

கம்பெனி செத்தது எந்தத் தேதி என்று சில சமயம் யோசிக்கிறேன். சமோசா கொடுத்த முதல் சனிக்கிழமையாக இருக்கலாம். பின்னால் கைதட்டல் கேட்ட அந்தப் போன் பேச்சாக இருக்கலாம். நான் மாடிப்படி ஏறாமல் குறிப்பு எழுத உட்கார்ந்த அன்றும் இருக்கலாம். அதை நான் பட்டியலில் கடைசியில் வைப்பதற்குக் காரணம் எனக்கே தெரியும்.

எனக்கு ஏரிக்குப் பின்புறம் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே அந்தப் பழைய பெட்டிகளில் ஒன்று இன்னமும் இருக்கிறது. போன மாதம் அது கூப்பிட்டால் எழவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் அவள் கடை வைத்திருக்கிறாள் என்று தெரியும். மெமோவுக்குப் பிறகு நான் போனதில்லை. போனேன்.

சின்னக் கடை. ஸ்டார்ட்டர்கள், எரிந்த காயில்கள், ஒரு மேசை. பெஞ்சில் அந்தப் பெரியவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார். இன்னா, உங்க பொட்டியும் மொரண்டு புடிக்குதா? குந்துங்க, எனக்கப்புறம்தான் நீங்க," என்று நகர்ந்து இடம் விட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மெமோவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெரியவருக்குச் சொல்லும் அதே குரலில் என்ன கோளாறு என்று கேட்டாள்.

நான் முறைப்படி சொல்ல ஆரம்பித்தேன். எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சூழ்நிலையில் என்று.

"அப்டியில்ல சார். உங்களுக்குக் கோவம் வந்துச்சா?"

வந்தது என்றேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று கேட்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்காமல் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு எண்ணைக் கேட்டாள். சொன்னேன். எழுதப் போனவள் பேனாவை நிறுத்தினாள்.

"இது உங்க நம்பரா சார், பொட்டி நம்பரா?"